கோட்டுக்கு மேலே ஒருத்தி

தினமும் காலையில் தைலம்மையின் வறுமையை அளந்து முடித்த பிறகுதான் அளப்பான் மரங்களை அளக்கப் போகும்.

உப்பங்கழியில் நீர் வற்றும் நேரம் பார்த்து அந்த இயந்திரம் சேற்றில் நடந்து வரும். ஆறு கால், நண்டைப் போலப் பக்கவாட்டு நடை. குடிசையின் மரப்படியருகே நின்று மெல்லிய கையொன்றை நீட்டி, அவள் காதுக்குப் பின்னால் தோலடியில் இருக்கும் சில்லைத் தொடும். நேற்று என்ன சாப்பிட்டாள், இரத்தத்தில் இரும்பு எவ்வளவு, நிம்மதியாகத் தூங்கினாளா என்பதையெல்லாம் சில்லு சொல்லிவிடும். பிறகு அது உள்ளே எட்டிப் பார்த்து, தரை இன்னும் மண்தரைதானா, கூரை இன்னும் ஒழுகுகிறதா என்று உறுதி செய்துகொள்ளும். கடைசியில் நெற்றியில் பச்சை விளக்கு எரியும். “கோட்டுக்குக் கீழே. நன்றி” என்று சொல்லிவிட்டு அலையாத்திக் காட்டுக்குள் இறங்கி, மூச்சு வேர்களையும் நீரின் உப்பையும் அளக்கத் தொடங்கும்.

அளப்பானுக்குத் தெரிந்த பேச்சு அவ்வளவுதான். அதற்காகத் தைலம்மை சும்மா இருந்துவிடுவாளா? நரி கோழிக்கூண்டைச் சுற்றியதைச் சொல்வாள். தூண்டிலில் மடவை சிக்காததைச் சொல்வாள். முழங்கால் வலியைச் சொல்லி, “ஒனக்கு ஆறு காலு, ஒனக்கு எப்புடிடா தாங்குது?” என்று கேட்பாள். அவள் சொல்லி முடிக்கும்வரை அளப்பான் அசையாமல் நிற்கும். கேட்டுக்கொண்டு நின்றதா, சேற்றில் புதைந்த காலைப் பிடுங்க நேரம் பிடித்ததா என்று அவள் ஆராயவில்லை. நிற்கிறதே, அது போதும்.

கோரையாறு கடலில் கலக்கும் அந்தக் கழிமுகத்தில் பேச வேறு ஆள் கிடையாது. படகு கட்டும் கம்பின் மேல் ஒரு மீன்கொத்தி வந்து உட்காரும். அது கத்தினால் “வந்துட்டியா, வா” என்பாள். அதோடு அன்றைய பேச்சுவார்த்தை முடிந்தது.

ஒரு காலத்தில் அங்கே ஊரே இருந்தது. ஊரைக் காலி செய்தது புயலோ பஞ்சமோ அல்ல, ஒரு நல்ல சட்டம். அதற்கு முன்பெல்லாம் நாட்டில் ஏழைகளுக்கு ஓர் அமைச்சகம், மரங்களுக்கு ஓர் அமைச்சகம். ஏழைக்கு வீடு கட்ட முதல் அமைச்சகம் காட்டை வெட்டும். காட்டைக் காப்பாற்ற இரண்டாவது அமைச்சகம் ஏழையை விரட்டும். இரண்டும் ஆண்டு முடிவில் தங்களுக்குத் தாங்களே மாலை போட்டுக்கொள்ளும். இந்தக் கூத்தை நிறுத்தத்தான் இணைப்புச் சட்டம் வந்தது. எந்த ஏழைக்கு உதவி கொடுத்தாலும் அவர் பொறுப்பில் ஒரு துண்டுக் காட்டையோ குளத்தையோ ஒப்படைக்க வேண்டும். எந்தக் காட்டைக் காத்தாலும் அதை நம்பி ஓர் ஏழை அங்கே குடியிருக்க வேண்டும். ஏழையும் காடும் ஒன்றாக உயர வேண்டும் என்பது ஏற்பாடு.

சட்டம் நன்றாகவே வேலை செய்தது. சங்கடம் அதில்தான் தொடங்கியது. காடு செழித்தது, மீனும் நண்டும் பெருகின, குடும்பம் குடும்பமாக மக்கள் வறுமைக் கோட்டைத் தாண்டினார்கள். தாண்டியவர்கள் நகரத்து அடுக்குக் குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள். ஏழைகள் தீர்ந்துபோனால் காடு என்ன ஆகும் என்று சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை. ஏழைகள் தீர்ந்துபோவார்கள் என்று அவர்களே நம்பவில்லை போலும். கடைசி ஏழை கோட்டைத் தாண்டியதும் அந்தக் காடு ‘விடுவிக்கப்படும்’. விடுவிப்பது என்றால் இறால் வளர்க்கும் அடுக்குப் பண்ணைகளுக்குக் கொடுத்துவிடுவது. நாட்டில் பயனாளிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோயிருந்தார்கள். இந்தக் கழிமுகத்துக்கு மிஞ்சியவள் தைலம்மை ஒருத்தி.

அவள் ஏழையாக இருக்கும்வரை காடு இருக்கும். இது அவளுக்குத் தெரியும். பெரும்புயல் அடித்த ஆண்டில் கடலுக்குப் போன அவள் புருஷன் திரும்பவில்லை. அப்போது ஊரை நோக்கி வந்த தண்ணீரை இந்த மரங்கள்தான் தடுத்து நிறுத்தின. ஒரு வெண்கண்டல் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி அவள் விடியும்வரை உயிரோடு இருந்தாள். அந்த மரம் இன்னும் நிற்கிறது. அதை விட்டுவிட்டு மாடி வீட்டுக்குப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

அவளை ஏழையாக வைத்திருப்பது சுலபமான வேலை அல்ல. தலைநகரில் இருந்த நன்மாறன் என்ற இளம் அதிகாரிக்கு அதுதான் முழுநேரப் பணி. நல்ல பிள்ளை, பாவம். யாரோ ஒரு தொண்டு நிறுவனம் அவள் குடிசைக்குத் தரை ஓடு அனுப்பியபோது, பாதி வழியிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினான். ஒரு பருவத்தில் நண்டு நிறையக் கிடைத்தது. தைலம்மை தினமும் நண்டுக் குழம்பாக வைத்துச் சாப்பிட்டாள். இரத்தத்தில் இரும்பு ஏறி அவள் கோட்டை எட்டிப் பிடிக்கப் போன வேளையில் நன்மாறன் பதறிப்போய்த் திரையில் கூப்பிட்டான். கொஞ்ச நாளைக்குக் கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளும்படி கெஞ்சினான். சொல்லும்போது அவனுக்கே வெட்கமாக இருந்தது. அவளும் நண்டைக் கழியிலேயே விட்டாள்.

இதெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். சாயங்காலம் நீர் ஏறி, பறவைகள் அடைந்து, அடுப்பை மூட்டும்போது இன்னொருவருக்கும் சேர்த்து அரிசி போட்டால் என்ன என்று தோன்றும். அப்படித் தோன்றும்போதெல்லாம் அழுகை வரும். அழுது முடித்துவிட்டு ஒருத்திக்குப் பொங்குவாள்.

அந்த நிலையில்தான் தங்கை பவுனம்மாள் கூப்பிட்டாள். பவுனம்மாள் கோயம்புத்தூரில் ஓர் அடுக்குக் குடியிருப்பின் உச்சியில் இருந்தாள். அவள் செய்துவந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. ஒரே மகன் செவ்வாய்க் குடியேற்றத்துக்குப் போய்விட்டான். அங்கிருந்து ஒரு வார்த்தை வந்து சேரவே கால் மணி நேரம் ஆகலாம். “சாப்பிட்டியா” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதற்குள் சோறே ஆறிவிடும். கொஞ்ச நாளில் இருவருமே கேட்பதை விட்டுவிட்டார்கள்.

“அக்கா, நான் அங்க வந்துரட்டுமா?” என்றாள் பவுனம்மாள். “எனக்கு ஒண்ணும் வேணாம். நீ அடுப்புகிட்ட ஒக்காந்திருக்கிறதப் பாத்துக்கிட்டு இருந்தாப் போதும்.”

தைலம்மைக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு நன்மாறனைக் கூப்பிட்டாள். அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஒரு குடிசையில் இரண்டு பேர் என்றால் இரண்டு உதவித்தொகை, ஒரே அடுப்பு. வாய்பாட்டின்படி இருவருமே கோட்டுக்கு மேலே. பயனாளியோடு வேறு யாரும் குடியிருக்கக் கூடாது என்ற விதியே அதனால்தான் வந்தது என்று தயங்கித் தயங்கி விளக்கினான். தங்கை படகை விட்டு இறங்கும் நாளில் காடு விடுவிக்கப்படும்.

தைலம்மை அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு சொன்னாள்.

“எல்லாத்தையும் அளக்குறிய சார். சோத்த அளக்குறிய, ரெத்தத்த அளக்குறிய, ஒழுவுற கூரைய அளக்குறிய. ஒண்ண மட்டும் அளக்க மாட்டங்கிறிய.”

“எதைம்மா?”

“ஆளு இல்லாம கெடக்கிறத. அதவிட என்னா சார் பெரிய தரித்திரம் இருக்கு?”

நன்மாறன் இருந்த அறையிலும் அப்போது வேறு யாரும் இல்லை, என்றுமே இருந்ததில்லை. ஆனால் அது அவனுக்குத் தோன்றவில்லை. அவனுக்குத் தோன்றியது வேறு, அதுவும் நல்ல எண்ணத்தில்தான். தனிமையையும் வறுமையின் ஒரு கூறாகச் சேர்த்தால் எங்காவது கலங்கரை விளக்கத்திலோ மலை உச்சி வானிலை நிலையத்திலோ இன்னும் நாலைந்து ஏழைகள் அகப்படுவார்கள். அவர்களில் ஒருவரைக் கழிமுகத்தில் குடிவைத்துவிட்டால் தைலம்மையை விடுவித்துவிடலாம். அவள் தங்கையோடு இருப்பாள், காடும் பிழைக்கும்.

ஒப்புதல் தர வேண்டிய திட்டமன்றத்தில் அவன் இதை முன்வைத்தபோது எல்லோரும் பாராட்டினார்கள். மனிதாபிமானம் என்ற சொல் பலமுறை பயன்பட்டது. அளக்க வேண்டுமென்றால் வரையறை வேண்டுமே. ஒருவர் பேச, அதே இடத்தில் எதிரில் இருப்பவர் அது முடியும்வரை நகராமல் கேட்டால், அது ‘நேர்ப்பேச்சு’ என்று வகுத்தார்கள். நேர்ப்பேச்சு அடியோடு வற்றிப்போனவர், வேறு என்ன இருந்தாலும், ஏழை. இதைக் கண்டுபிடிக்கப் புதிதாகக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. காதோரச் சில்லு பிறந்த குழந்தை முதல் எல்லோருக்கும் இருந்தது. நகரத்தில் வீட்டு நிலைக்கதவே அதைப் படித்துக்கொள்ளும். கைத்திரையில் விரலால் தட்டுவது பேச்சில் சேராது என்பதை ஒரு மூத்த உறுப்பினர் சேர்க்கச் சொன்னார். அதைத் தட்டித்தான் அனுப்பினார்.

புதிய கூறு நடைமுறைக்கு வந்த காலையில் நாடு முழுவதும் ஏழையாயிற்று.

பிழை என்றுதான் முதலில் நினைத்தார்கள். மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள், அதே விடை வந்தது. தனியாக இருந்தவர்கள் மட்டுமல்ல, குடும்பமாக இருந்தவர்களும் கோட்டுக்குக் கீழே போயிருந்தார்கள். ஒரே மேசையில் நாலு பேர் சாப்பிட்டிருக்கிறார்கள். ஒருவர் பேசத் தொடங்கினால் மற்ற மூவரின் கண்ணும் கைத்திரைக்குப் போய்விட்டிருக்கிறது. பேச்சு முடியும்வரை யாரும் கேட்கவில்லை. திட்டமன்ற உறுப்பினர்கள் அத்தனை பேரும் ஏழைகள். நன்மாறனும் ஏழை. கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடலாமா என்று யாரோ யோசனை சொன்னார்கள். அது முடியாது. முந்தைய தலைமுறை சங்கடம் வரும்போதெல்லாம் கோட்டை இறக்கி இறக்கியே வறுமையை ஒழித்துக்கொண்டிருந்ததால், கோட்டில் யாரும் கை வைக்காதபடி இணைப்புச் சட்டம் பூட்டு போட்டிருந்தது.

ஏழை என்றால் ஆளுக்கொரு துண்டு இயற்கை கொடுத்தாக வேண்டும். விடுவித்த காடுகளையெல்லாம் அரசு திரும்ப வாங்கியது. மூடிய ஏரிகளைத் தோண்டியது. அதுவும் போதாமல் சாலையோரப் புளியமரம் ஒன்றுக்கு ஒரு பயனாளியை நியமித்தது. நாடு இப்படிப் பசுமையாக இருந்ததே இல்லை.

நன்மாறன் தைலம்மையைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான். கழிமுகத்துக்கு ஏராளமான பயனாளிகள் வரப்போகிறார்கள். அவர்களில் அவனும் ஒருவன். பிறகு ஒரு விசித்திரத்தையும் சொன்னான். நாட்டில் கோட்டுக்கு மேலே இருப்பவள் அவள் ஒருத்திதான்.

“அளப்பான் தன்னையும் ஒரு ஆளா சேர்த்துக்கிட்டிருக்கும்மா. நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் அது நின்னிருக்கு. வரையறைப்படி அது நேர்ப்பேச்சு. அந்தப் புள்ளியும் சேர்ந்ததால நீங்க கோட்டைத் தாண்டிட்டீங்க. ஆனா அது இயந்திரம், அதனால பிழைதான். நான் சரி செஞ்சுடட்டுமா? செஞ்சா நீங்க பழையபடி பயனாளி ஆகிடுவீங்க.”

“வேணாம் சார். அது தப்பா ஒண்ணும் எழுதலையே, நின்னுச்சுதான். இப்ப நான் ஏழையில்லன்னா எந்தங்கச்சி வரலாமுல்ல?”

வரலாம், இனி அவள் வீட்டில் யார் இருந்தாலும் யாருக்கும் கவலையில்லை என்றான் நன்மாறன். தைலம்மை அன்று இரண்டு பேருக்கு அரிசி களைந்து வைத்துவிட்டுத்தான் தங்கையைக் கூப்பிட்டாள்.

பவுனம்மாளின் முகத்துக்குப் பின்னால் மாடி வீட்டுச் சுவர் இல்லை. மூடுபனியும் ஒரு சரிவும் தெரிந்தன. அவளும் ஏழைதானே. விடியற்காலையிலேயே வண்டி வந்து ஏற்றிப்போய் வால்பாறைக்கு மேலே ஒரு புல்வெளியை ஒப்படைத்துவிட்டார்கள். பயனாளியோடு வேறு யாரும் குடியிருக்கக் கூடாது.

“நீ வந்தியன்னா நான் மேல ஏறிருவேனாம். இந்தப் புல்ல வேற எவனுக்காச்சும் குடுத்துருவாங்களாம்க்கா” என்றாள் பவுனம்மாள். “நல்ல புல்லுக்கா. காத்தடிச்சா அப்புடியே சாயுது.”

தைலம்மை சரி என்று சொன்னாள். வேறென்ன சொல்வாள்? புல்லை விட்டுவிட்டு வா என்று சொல்ல, வெண்கண்டலைக் கட்டிப்பிடித்துப் பிழைத்த அவளுக்கு நாக்கு எழவில்லை. களைந்த அரிசியைக் கோழிக்குப் போட்டாள்.

மறுநாள் காலை நீர் வற்றியதும் அளப்பான் வந்தது. சொல்லித் தீர்க்க அவளிடம் நிறைய இருந்தது. படியில் உட்கார்ந்து, காதோர முடியை ஒதுக்கிக்கொண்டு காத்திருந்தாள். அது படியைத் தாண்டி நேராக மரங்களுக்குப் போயிற்று. “டேய், இங்க வா” என்று கூப்பிட்டாள். ஏழை அல்லாதவர் வீட்டில் நிற்கும்படி அதற்குக் கட்டளை இல்லை. சேறு அன்றும் ஆழமாகத்தான் இருந்தது, ஆனாலும் கால்களை அது சட்டென்று பிடுங்கிக்கொண்டது.

கொஞ்ச நாளில் படகு படகாகப் பயனாளிகள் வந்து இறங்கினார்கள். கழியோரமாகத் தூண்களின் மேல் வரிசையாகச் சிறு வீடுகள் முளைத்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டுக் காடு. அவளுடைய பழைய துண்டு நன்மாறனுக்கு வந்தது. அவன் வீடு அவள் குடிசைக்கு அடுத்ததுதான், இங்கே பேசினால் அங்கே கேட்கும். திரும்ப ஊர் வந்துவிட்டதே என்று தைலம்மைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெரிய சட்டியில் கொடுவா மீன் குழம்பு வைத்துப் படகில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். பெயர் கேட்டாள், ஊர் கேட்டாள், பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள். அவர்கள் மரியாதைக்காரர்கள். கிண்ணத்தை நீட்டி வாங்கிக்கொண்டு, நன்றி என்று கைத்திரையைப் பார்த்துச் சொன்னார்கள். ஒரு பெண் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள், பதில் சொல்லவும் வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் திரை மினுங்கியது.

அவள் குடிசைக்குத் திரும்பியபோது அவளுடைய பழைய திரையில் நன்மாறன் அனுப்பிய செய்தி காத்திருந்தது. பயனாளிகளோடு தயவுசெய்து பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்று பணிவாக எழுதியிருந்தான். அவள் யாரிடம் பேசிப் பழகினாலும் அவர் கோட்டைத் தாண்டிவிடுவார், அவருடைய துண்டுக் காடு விடுவிக்கப்படும். தைலம்மை நிமிர்ந்து அடுத்த வீட்டைப் பார்த்தாள். அதை எழுதியவன் கூப்பிடு தூரத்தில், குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தான்.

அப்படி ஒரு விதியே தேவைப்பட்டிருக்காது. அந்த வரிசையில் யாரும் யாரோடும் பேசவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வீடு முகங்கள் நீல வெளிச்சத்தில் தெரியும், சத்தமே இருக்காது. காட்டுக்கு இதைவிட நல்ல காவல் அமைய முடியாது. வெண்கண்டல்கள் கடல் பக்கமாகப் புதிதாகக் கன்று விட்டுப் பரவின. இப்படியே போனால் இந்தக் காடு இனி என்றைக்கும் அழியாது என்று திட்டமன்றம் அறிவித்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை.

அளப்பான் இப்போது ஒவ்வொரு படியாக நின்று போகும். நன்மாறன் காதைக் காட்டுவான், பச்சை விளக்கு எரியும். “கோட்டுக்குக் கீழே. நன்றி.” அடுத்து அவள் படி. அதை மட்டும் தாண்டிவிட்டு அதற்கடுத்த படிக்குப் போகும். அது தன்னைத் தாண்டிப் போவதைப் பார்ப்பதுதான் தைலம்மைக்குப் பொறுக்கவில்லை. தங்கை வராததைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள்.

ஒருநாள் அவள் படியில் நின்று சத்தமாகவே கேட்டாள். “தம்பி, அது மறுபடியும் எங்கிட்ட வந்து நிக்கணும்னா நான் என்னா செய்யணும்?”

நன்மாறன் தலை நிமிரவில்லை. விரல்கள் மட்டும் அசைந்தன. அவள் திரையில் எழுத்து ஓடியது.

‘சில வாரங்கள் யாருடனும் எதனுடனும் பேசாமல் இருந்தால் போதும், அம்மா. நீங்களும் கோட்டுக்குக் கீழே வந்துவிடுவீர்கள்.’

அவள் இருமுறை படித்தாள். பிறகு படியில் உட்கார்ந்து, அந்தத் திரையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்துகொண்டாள். தூரத்திலிருந்து பார்த்தால் இப்போது அந்த வரிசையில் அவள் வீடு எது என்று கண்டுபிடிக்க முடியாது.

படகு கட்டும் கம்பில் மீன்கொத்தி வந்து உட்கார்ந்து கத்தியது. தைலம்மை வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.